மஞ்சள் தாளில் அப்பாவின் பெயர்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். பினாங்கில் உங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, தம்முடைய பௌத்தக் குழுவினர் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நடத்தும் வழிபாட்டுக்கு உங்களையும் உங்கள் அம்மாவையும் அழைத்திருக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் காலமான உங்கள் அப்பாவின் பெயரையும் அங்கே எழுதி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அது பேய்களுக்கான விழா என்று கேள்விப்பட்டதால் அம்மா தயங்குகிறார். இந்துக்கள் போகலாமா, அங்கே சாப்பிடலாமா, கையில் எதைக் கொண்டுபோவது என்று மூன்று கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். இவற்றின் அடியில் இருப்பது வேறொரு கேள்வி என்று எனக்குப் படுகிறது: அப்பாவை இன்னொருவருடைய முறையில் நினைத்தால், நம் முறையில் அவருக்குச் செய்வதற்குக் குறை வந்துவிடுமா? அதையே மனத்தில் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

நான் துறவியும் அல்லேன், பூசகரும் அல்லேன். பல்கலைக்கழகத்தில் பௌத்த சமய வரலாறு படித்தவன். அதன் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேலாக, ஏழாம் மாதம் வந்தால் பினாங்கில் ஒரு சிறிய சீன பௌத்தக் குழுவின் சமையற்கட்டில் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் போய்வருகிறவன். ஆகவே நூல்வழி அறிந்ததையும் கண்ணால் கண்டதையும் சொல்ல முடியும். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி நடைமுறை உண்டு என்பதால், நான் சொல்வதில் சிறு வேறுபாடுகள் உங்கள் ஆன்ட்டியின் குழுவில் இருக்கலாம். அங்கெல்லாம் அவர் சொல்வதே சரி.

ஒரே மாதத்தில், ஒரே ஊரில், இரண்டு வேறு விழாக்கள் நடக்கின்றன. உங்கள் அம்மாவின் தயக்கம் இவை ஒன்றோடொன்று கலந்துபோனதால் வந்தது. தெருவில் நடப்பதை ஹொக்கியன் மொழியில் போர் தோர் என்பார்கள். சந்தைக்கு அருகிலும் கடைத்தெருவிலும் பந்தல் போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலான ஊதுவத்திகளை நட்டு, மூங்கிலும் வண்ணத் தாளும் கொண்டு செய்த தாய் சூ யா என்ற பேருருவை நிறுத்தி, வறுத்த பன்றி, கோழி, பழம், மது எல்லாம் படைத்து, சீன நாடகமோ பாட்டுக் கச்சேரியோ நடத்தி, இறுதி இரவில் அந்த உருவை எரித்து வழியனுப்புவார்கள். மேடைக்கு முன் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை கண்ணுக்குத் தெரியாத விருந்தினருக்கானவை. அந்த விருந்தினரை அவர்கள் பேய் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, ‘நல்ல சகோதரர்கள்’ என்பார்கள். நாகத்தை நல்ல பாம்பு என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த நாகரிகம் எளிதில் புரியும். இந்தத் தெரு விழாவில் தாவோயிசம், முன்னோர் வழிபாடு, பௌத்தம் மூன்றும் இழையோடுகின்றன. தாவோயிச மரபில் ஏழாம் மாதம் 15ஆம் நாள் பிழைகளை மன்னிக்கும் ‘நில அதிகாரி’ என்ற தெய்வத்தின் நாள். அச்சமூட்டும் முகமுள்ள தாய் சூ யாவின் தலையுச்சியை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய குவான் இன் உருவம் இருக்கும். கருணையின் வடிவான போதிசத்துவரே பசித்த உயிர்களை அடக்கி ஊட்டுவதற்காக அந்தக் கோரமான உருவத்தை எடுத்தார் என்பது நம்பிக்கை.

உங்களை அழைத்திருப்பது இதற்கு அல்ல. ஆன்ட்டி சொன்ன வழிபாட்டின் பெயர் சீனத்தில் யூலான்பென். வடமொழியில் உல்லம்பனம் என்பார்கள். அதன் மூலக்கதை சிறியது. புத்தரின் மாணவரான மௌத்கல்யாயனர், பாலி மொழியில் மொக்கல்லானர், சீனத்தில் மூலியென், தம் ஞானக் கண்ணால் இறந்துபோன தாயைத் தேடுகிறார். தாய் பிரேதமாய், அதாவது ஓயாப் பசியால் வாடும் ஆவியாய், எலும்பும் தோலுமாய் இருப்பதைக் காண்கிறார். ஒரு கிண்ணம் சோற்றை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். தாய் இடக் கையால் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு வலக் கையால் ஒரு பிடி எடுக்கிறாள். வாய்க்குள் போகும் முன்பே அது தணலாகிவிடுகிறது. அழுதுகொண்டு வந்த மகனிடம் புத்தர், உன் ஒருவன் ஆற்றல் இதற்குப் போதாது, மழைக்காலத்தில் ஒரே இடத்தில் தங்கும் ஒதுக்கத்தை முடித்து எழும் துறவிகள் கூட்டம் முழுவதற்கும் ஏழாம் மாதம் 15ஆம் நாள் உணவளி, அந்தப் புண்ணியம் உன் பெற்றோரையும் ஏழு தலைமுறை முன்னோரையும் சென்று சேரும் என்கிறார். தாய்க்கு நேரே நீட்டிய சோறு எரிந்துபோகிறது. பிறருக்கு இட்ட சோறு தாயைச் சேர்கிறது. இந்த விழாவில் நான் கண்டவை எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவையே.

இதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைச் சொல்லும் சிறிய சூத்திரத்தை 3ஆம் நூற்றாண்டு இறுதியில் தர்மரட்சர் என்ற துறவி சீனத்தில் மொழிபெயர்த்தார் என்பது மரபு. அறிஞர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. இந்திய மூலம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை என்பதால், தாய்தந்தையர் கடனைப் பெரிதாகப் போற்றிய சீன மண்ணிலேயே இது உருவானது என்பார் ஒரு சாரார். பிரேதமும் மழைக்கால ஒதுக்கமும் இந்தியச் சரக்கு அல்லவா என்பார் மறு சாரார். 6ஆம் நூற்றாண்டில் சீனத்தில் இந்த விழா பரவலாக நடந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை. அந்தக் காலத்து ஆண்டுச் சடங்குகளைப் பதிவுசெய்த நூல், துறவிகளும் இல்லறத்தாரும் அந்நாளில் கிண்ணங்களோடு மடங்களுக்குச் சென்றதைச் சொல்கிறது. லியாங் பேரரசர் வூ 538இல் இதற்கு விருந்து நடத்தினார் என்ற செய்தி பிற்காலத்து நூலில் வருவது. அதைச் சற்றுத் தள்ளி நின்றே ஏற்கிறேன். ஜப்பானியத் துறவி என்னின் 840இல் தாய்யுவான் நகர மடங்களில் இந்த நாளின் அலங்காரங்களைக் கண்டு நாட்குறிப்பில் எழுதியிருப்பது நேர்ச் சான்று. மூலியென் நரகம் நரகமாகத் தாயைத் தேடியலையும் நீண்ட கதை துன்ஹுவாங் குகையில் கிடைத்த ஏடுகளில் உள்ளது. அவற்றுள் ஒன்று 921இல் படியெடுக்கப்பட்டது.

பெயரைப் பற்றியும் இருவேறு கருத்துகள் உண்டு. தாங் காலத்து அகராதிக்காரரான ஷுவான்யிங் என்ற துறவி, அது ‘தலைகீழாகத் தொங்குதல்’ என்ற பொருளுடைய வடசொல் என்று விளக்கினார். இறந்தோர் படும் வேதனையைக் குறிப்பது என்று பொதுமக்கள் இன்றும் அதையே சொல்கிறார்கள். ஜப்பானிய அறிஞர் கராஷிமா செய்ஷி அண்மைக் காலத்தில் வேறொரு விளக்கம் தந்தார். ‘யூலான்’ என்பது சோற்றைக் குறிக்கும் ஓதனம் என்ற சொல்லின் பேச்சுவழக்கு வடிவம், ‘பென்’ என்பது சீனத்தில் கிண்ணம், ஆகப் பெயரின் பொருள் சோற்றுக் கிண்ணம் என்பது அவர் முடிவு. இதுதான் இறுதி என்று சொல்ல முடியாவிட்டாலும் கதையோடு இது நன்றாகவே பொருந்துகிறது. பெருமாள் கோயில் ததியோதனத்தை, அதாவது தயிர்ச்சோற்றை, உண்டு வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லை அங்கே கண்டபோது ஏற்பட்ட நெருக்கம் இன்றும் குறையவில்லை.

நெருக்கம் இன்னொன்றும் உண்டு. மாலையில் நடக்கும் சடங்கின் பெயர் யென்கோ, ‘தீ உமிழும் வாய்’ என்று பொருள். புத்தரின் மாணவரான ஆனந்தரின் முன் தோன்றிய, வாயில் தீ எரியும் ஒரு பிரேதத்தைப் பற்றிய நூலிலிருந்து அது பிறந்தது. அந்த நூலை 8ஆம் நூற்றாண்டில் சீனத்தில் மொழிபெயர்த்தவர் அமோகவஜ்ரர். அவருடைய ஆசிரியர் வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியே சீனம் சென்றவர். காஞ்சியில் வறட்சி வந்தபோது பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் கேட்டுக்கொண்டபடி மழைக்காக வழிபட்டவர் என்று அவருடைய சீன வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. ஆசிரியர் காஞ்சியிலிருந்தே அந்தச் சடங்கைக் கொண்டுசென்றார் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் உங்கள் அம்மா நினைப்பதுபோல் நமக்கு ஒட்டும் உறவும் இல்லாத இடம் அல்ல அது.

நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024இல் ஏழாம் மாதம் 15ஆம் நாள் வந்தது ஆகஸ்ட் 18, மறுநாள் ஆவணி அவிட்டம். 2025இல் சீனர்களுக்கு ஆறாம் மாதம் இருமுறை வந்ததால் அது செப்டம்பர் 6க்குத் தள்ளிப்போயிற்று. ஓரிரு நாளில் நமக்கு மகாளய பட்சம் தொடங்கிவிட்டது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சிலர் எழுதுகிறார்கள். நாள் நெருக்கத்தை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்டுவது சரியல்ல. இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளின் தேரவாத பௌத்த விகாரைகளில் இந்த மாதத்துக்குத் தனிச் சிறப்பு இல்லை. அவர்களுடைய மழைக்கால ஒதுக்கம் அக்டோபரில்தான் முடியும். ஆனால் இறந்த உறவினர் சுவருக்கு வெளியேயும் முச்சந்தியிலும் வாசல்நிலையிலும் வந்து நிற்கிறார்கள், அழுகையும் புலம்பலும் அவர்களைச் சேர்வதில்லை, அவர்கள் பெயரால் கொடுத்த தானமே சேர்கிறது என்று சொல்லும் சூத்திரம் அவர்களிடமும் உண்டு. இலங்கையில் தானம் முடிந்ததும் குடத்து நீரைக் கிண்ணம் வழிய வார்ப்பதைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இனி அன்று நடப்பது. மண்டபத்தின் இரு பக்கச் சுவர்களிலும் வரிசையாகத் தாள்கள் ஒட்டியிருக்கும். சிவப்புத் தாளில் உயிரோடிருப்பவர்களின் பெயர், மஞ்சள் தாளில் இறந்தவர்களின் பெயர். இதை மாற்றி எழுதிவிடக் கூடாது. அம்மாவின் நலனுக்காக எழுதினால் சிவப்பு, அப்பாவுக்கு மஞ்சள். சில குழுக்கள் முன்னதாகவே பல நாட்கள் லியாங் பேரரசரின் பெயரால் வழங்கும் பத்து ஏடு கொண்ட பிழைபொறுக்கும் நூலை ஓதுவார்கள். சில குழுக்கள் கிஷிதிகர்ப்பர் என்ற போதிசத்துவரைப் பற்றிய சூத்திரம் ஓதுவார்கள். நண்பகலுக்கு முன் துறவிகளுக்கு அமுது படைப்பது நடக்கும். அதற்கு முன் ஓர் இளந்துறவி கையளவுக் கிண்ணத்தில் ஏழே ஏழு சோற்றுப் பருக்கைகளை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஒரு கல் தூணின் மேல் வைத்துவிட்டு வருவார். ஏழு பருக்கை பத்துத் திசையும் பரவட்டும் என்பது அப்போது சொல்லும் செய்யுள். சிட்டுக்குருவியோ மைனாவோ உடனே வந்துவிடும். நாம் காக்கைக்குச் சோறு வைத்து, அது எடுக்கும்வரை வாசலில் நின்று பார்ப்பதைப்போலவே, அந்தத் துறவியும் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாலை யென்கோ பல மணி நேரம் நீளும். ஐந்து இதழுள்ள மகுடம் சூடிய துறவி மேடையில் அமர்ந்து மணியசைத்து, விரல்களைக் கோத்தும் விரித்தும் முத்திரை காட்டுவார். பிரேதங்களின் தொண்டை ஊசித் துளை அளவே உள்ளது, வயிறோ பானை போன்றது. ஆகையால் உணவளிக்கும் முன் தொண்டையைத் திறக்கும் மந்திரம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது நடுவிரலையும் பெருவிரலையும் சேர்த்துச் சுண்டி நீர் தெளிப்பார். பிறகு அரிசி, மிட்டாய், சில்லறைக் காசு ஆகியவற்றை மண்டபத்தில் வீசுவார். பிள்ளைகள் ஓடிப் பொறுக்குவார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், தீங்கில்லை. இந்தச் சடங்கில் யாரையும் விரட்டுவதோ ஓட்டுவதோ கிடையாது. வந்தவர்கள் யாராயினும் அவர்களுக்குச் சோறிடுவதே நோக்கம் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் அச்சத்துக்கு அதைவிட நல்ல மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

தாள் பணம், தாள் வீடு எரிப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். அது சீன நாட்டு வழக்கமே தவிர பௌத்த நூல்களில் சொன்னதல்ல. பௌத்தக் குழுக்கள் பல அதைக் குறைக்கச் சொல்கின்றன; 1966இல் தைவானில் தொடங்கிய த்ஸு சி அமைப்பு ஏழாம் மாதத்தை நன்றி செலுத்தும் நல்ல மாதம் என்று பெயர் மாற்றி, எரிப்பதற்குப் பதிலாகத் தானமும் சைவ உணவும் வலியுறுத்துகிறது. ஆனால் ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விழா முடிவில் மஞ்சள் தாள்களையும் சேர்த்து, பணிந்து, எரித்துவிடுவார்கள். அப்பாவின் பெயர் தீயில் போவதைத் திடீரென்று பார்த்தால் மனம் பதறும். அங்கே அது வழியனுப்புதல். பெயரை மிதிபடவோ குப்பையில் சேரவோ விடாமல் காப்பதற்கும் அதுவே வழி.

அப்பா பெயரை எழுதினால் அவர் பிரேதமாக இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டதாகுமா என்பது அம்மா வாய்விட்டுக் கேட்காத கேள்வியாக இருக்கலாம். ஆகாது. புண்ணியம் அவர் எங்கே பிறந்திருந்தாலும் அங்கே போகட்டும், ஏழு தலைமுறைக்கும் போகட்டும், பெயர் தெரியாத உயிர்களுக்கும் போகட்டும் என்றுதான் ஓதுகிறார்கள். கிஷிதிகர்ப்பர் சூத்திரம் இன்னும் வெளிப்படையாகவே கணக்குச் சொல்கிறது: இறந்தவருக்காகச் செய்யும் நற்செயலின் பயனில் ஏழில் ஒரு பங்கு அவருக்கு, மீதி ஆறு பங்கும் செய்தவருக்கு. நம் பக்கத்தில், அப்பாவுக்கான மாசியமும் ஆண்டுத் திவசமும் அதனதன் நாளில் நடக்கட்டும். இந்த வழிபாடு அவற்றுக்கு மாற்றாகாது, அவற்றைக் கெடுப்பதும் இல்லை என்பது என் துணிபு. முதலாண்டில் வேறு வழிபாட்டிடங்களுக்குப் போகலாகாது என்ற கட்டுப்பாடு உங்கள் குடும்பத்தில் இருந்தால், அதை உங்கள் சித்தப்பாவோ அத்தையோ தீர்மானிக்கட்டும். அதில் நான் குறுக்கிட மாட்டேன். ஆன்ட்டியின் குழுவினர் பக்கம் எந்தத் தடையும் இல்லை, துக்கத்தில் இருப்பவர்களே அங்கு மிகுதியாக வருகிறார்கள். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் பெயர் எழுதாமல் விருந்தினராகப் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். ஆன்ட்டியின் முகத்துக்காக மட்டும் எழுத வேண்டாம். அந்தத் தாளின்முன் மூன்று முறை பணிய வேண்டியிருக்கும், மனமில்லாமல் பணிவது அப்பாவுக்கும் மரியாதை அல்ல, அவர்களுக்கும் அல்ல.

உணவைப் பொறுத்தவரை முழுச் சைவம், முட்டையும் பெரும்பாலும் இராது. நீங்கள் எதையாவது சமைத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். சீன பௌத்தச் சமையலில் ஐந்து பொருள்கள் விலக்கு: பூண்டு, வெங்காயம், அதன் தாள், குச்சாய் என்ற பூண்டு மணமுள்ள கீரை போன்றவை, இவற்றோடு பெருங்காயமும். சமைத்துண்டால் காமத்தையும் பச்சையாய் உண்டால் சினத்தையும் கிளப்பும் என்பது நூல் சொல்லும் காரணம். நான் முதலாண்டு வெங்காயம் பூண்டு இல்லாமல், அதற்கு ஈடாகப் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டு ஒரு தூக்கு நிறையச் சாம்பார் கொண்டுபோனேன். சமையற்கட்டுக்குப் பொறுப்பான மூதாட்டி மூடியைத் திறந்து முகர்ந்தார், என் முகத்தைப் பார்த்தார், மெல்ல மூடித் தூக்கை வெளியே மரத்தடியில் வைத்துவிட்டு வந்து, ஐந்தில் ஒன்று இதில் இருக்கிறது என்று சொன்னார். சீன நூல்களில் சிங்சூ என்று வரும் ஐந்தாவது பொருள் நம் ஹிங்குதான் என்பதை நான் படித்திருந்தும் அடுப்படியில் நினைக்கவில்லை. அவரே என்னை அடுப்பருகே அழைத்து, இருப்பதைக் கொண்டு செய் என்றார். புளி, மிளகு, சீரகம், தக்காளி, கடுகு, கறிவேப்பிலை மட்டும் போட்டு ஒரு ரசம் வைத்தேன். அன்று முதல் ஆண்டுதோறும் அந்த ரசம் என் பொறுப்பு. நீங்கள் எலுமிச்சைச் சாதமோ சர்க்கரைப் பொங்கலோ கொண்டுபோனால் சிக்கலே இல்லை. கடையில் வாங்கிய சாம்பார்ப் பொடி, ரசப்பொடி பெரும்பாலானவற்றில் பெருங்காயம் இருக்கும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். சமைக்க நேரமில்லையென்றால் பழமும் ஒரு பை அரிசியும் போதும். அந்த அரிசி பிறகு தேவைப்பட்டவர்களுக்குப் போய்ச் சேரும்.

மற்றவை எளியவை. வெளிர் நிறத்தில், தோளும் முழங்காலும் மூடிய உடை உடுத்துங்கள். யாராவது கைகூப்பி, அமிதாப புத்தரின் சீனப் பெயரான அமிதோஃபோ என்றால் நீங்களும் கைகூப்புங்கள். அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லலாம், வணக்கம் என்றும் சொல்லலாம். ஓதும்போது எழுந்து நடமாட வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் பின்வரிசையில் நாற்காலி கேளுங்கள், பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

பெயர்த் தாள்களை விழாவுக்குச் சில நாட்கள் முன்னதாகவே எழுதி முடித்துவிடுவார்கள் என்பதால், எழுதுவதாக முடிவு செய்தால் ஆன்ட்டியிடம் விரைவில் சொல்லிவிடுங்கள். அப்பாவின் பெயரைச் சீன எழுத்தில் ஒலிபெயர்த்தால் அது நமக்கே அடையாளம் தெரியாத உருவம் கொள்ளும். எங்கள் குழுவில், என் தந்தையின் பெயருக்கு தாள்களில் பெயர் எழுதும் தூரிகைக்காரர் நான்கு சீன எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து எழுதிய பின், மஞ்சள் தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுத் தூரிகையை என்னிடம் நீட்டினார். நான் தமிழில் எழுதினேன். உங்கள் குழுவிலும் அப்படிக் கேட்டுப் பாருங்கள், அம்மா தம் கையாலேயே அப்பாவின் பெயரை எழுதட்டும்.